முழங்கால் மாற்றினால் மலை ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

எலும்பு, மூட்டுச் சத்திரசிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இரண்டு முழங்காலும் வலி. ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். தனியார் கிளினிக்கில், சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பி ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது? – வாசகி, ஹட்டன்

பிஆர்பிக்குக் காசு கட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், மூட்டுத் தேய்வு உள்ள 288 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிஆர்பி போட்டார்கள், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்கள் எல்லோரும் ஓரளவு தேய்வு உள்ளவர்கள்தான். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்த மூட்டில் அந்த ஊசி கூடுதலாக எதையும் செய்யும் என்று நம்ப நியாயமில்லை.

ஸ்டீரொய்ட் ஊசி வேறு விஷயம். ஒரு தடவை போட்டால் சில வாரங்களுக்கு வலி குறையலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீரைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடத் தேய்ந்தது. ஒப்பரேஷன் திகதி நெருங்கியிருந்தால் அந்த ஊசியே வேண்டாம். முந்திய மூன்று மாதத்துக்குள் போட்டால் மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்துக் கூடுகிறது.

அப்படியானால் உடனே மாற்றுவதா? டென்மார்க்கில் மூட்டு மாற்றத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள் (2015). ஒரு பாதிக்கு ஒப்பரேஷனோடு பயிற்சி, மறு பாதிக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை மட்டும். ஒரு வருஷத்தில் ஒப்பரேஷன் செய்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறினார்கள். ஆனால் மற்ற ஐம்பது பேரில் அந்த வருஷத்துக்குள் ஒப்பரேஷனுக்குப் போனவர்கள் 13 பேர்தான். பாரதூரமான சிக்கல்களும் ஒப்பரேஷன் பக்கத்தில்தான் அதிகம். ஆகவே மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காமல் கத்திக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை, மல்லாந்து படுத்துக் காலை நேராக ஓரடி உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது பத்துத் தடவை. இரண்டும் நாளுக்கு மூன்று முறை. பயிற்சியால் வந்த வலி மறுநாள் காலையும் இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். அப்படியும் இரவில் வலி எழுப்புகிறது, லயத்திலிருந்து ரோட்டுக்குப் போக முடியவில்லை என்றால் மாற்றுவதில் தயக்கம் தேவையில்லை. அந்தப் பயிற்சியும் வீண் போகாது. தொடைத் தசை பலமாக இருப்பவர்கள் ஒப்பரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடப்பார்கள்.

மாற்றிய மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும்? ரோபோவால் செய்தால் கூட உழைக்குமா? – வாசகர், நானுஓயா

2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தது. முழுமையாக மாற்றிய முழங்கால்களில் சுமார் 82 வீதம் 25 வருஷம் தாண்டியும் இருந்தன. இடுப்பு மூட்டில் அது சுமார் 58 வீதம். இவை 25 வருஷத்துக்கு முந்திய மூட்டுகள் என்பதை மறக்க வேண்டாம்.

ரோபோ எலும்பை வெட்டும் கோணம் துல்லியமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குறைந்தது 10 வருஷம் பின்தொடர்ந்த கொரிய ஆய்வில் (2020) வலியிலோ நடையிலோ மூட்டின் ஆயுளிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அந்தக் காசில் வீட்டுக்குக் கொமட் கட்டலாம்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். திகதி கொடுத்த பிறகு ஒப்பரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இரத்தம் குறைவாம், வெற்றிலையையும் விடச் சொல்கிறார்கள். வெற்றிலைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், பதுளை

தள்ளிவைத்த வைத்தியருக்கு நன்றி சொல்லுங்கள். பிழை வெற்றிலையில் இல்லை, அதோடு சேரும் புகையிலையில்தான். நிக்கொட்டின் தோலுக்குப் போகும் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், காயம் ஆறாது. பிடித்தாலும் மென்றாலும் ஒன்றுதான். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

சீனிக்கு ஒப்பரேஷன் அன்று காலையில் எடுக்கும் அளவு போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 7.5 அல்லது 8க்குக் கீழே வர வேண்டும் என்றுதான் பெரும்பாலான சத்திரசிகிச்சை நிபுணர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

இரத்தக் குறைவில் மலையகத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு: இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன் டீயோடு விழுங்குவது. தேயிலையிலுள்ள டனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரமாவது தேநீர் கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. ஹீமோகுளோபின் 13க்கு மேல் போன பிறகு செய்தால் பிறர் இரத்தம் ஏற்றவேண்டிய தேவை குறையும். ஒப்பரேஷன் நேரத்தில் கொடுக்கும் டிரனெக்சாமிக் அசிட் என்ற மருந்தும் இரத்த இழப்பை நன்றாகக் குறைக்கிறது.

இன்னும் மூன்று விஷயம். சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிவிடுங்கள். விரலிடுக்குச் சேற்றுப்புண், சொறிந்து புண்ணான அட்டைக்கடி எல்லாம் முழுக்க ஆற வேண்டும். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் வீட்டில் பிளேடால் கால் மயிரைச் சிரைக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில்தான் கிருமி குடியேறும்.

எங்கள் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. மலசலகூடம் வெளியே, குந்தும் பீங்கான். ரோட்டுக்கு வர நாற்பது படி. அம்மாவை எப்படி வைத்துப் பார்ப்பது? பிறகு மலைக்கு வேலைக்குப் போகலாமா? – வாசகி, தலவாக்கலை

ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆள் வீட்டுக்கு வருமுன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

பீங்கானுக்கு மேலே கொமட் கதிரை போடலாம். கிடைக்காவிட்டால் கைப்பிடியுள்ள கனமான பிளாஸ்டிக் கதிரையில் துளையிட்டுப் பாவிக்கிறார்கள். அதில் விழுவது எப்படியென்றால், ஈரச் சிமெந்தில் எழும்பும்போது பின்கால் இரண்டும் வழுக்கி விரியும். நான்கு காலும் பீங்கானின் விளிம்பில் படாமல் சமமான சிமெந்தில் நிற்க வேண்டும், அடியில் ரப்பர் மூடி போட வேண்டும். இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிட உயரப் போகக்கூடாது. இரவில் மழையில் வெளியே கூட்டிப் போக வேண்டாம். முதல் மூன்று நான்கு வாரத்துக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மலசலச் சட்டி வையுங்கள்.

ஊன்றுகோல் ஒப்பரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். நுனி ரப்பரில் உள்ள வட்டக் கோடுகள் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், பாசி பிடித்த படியில் அதை நம்ப முடியாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் ஒப்பரேஷன் காலும் முதலில். துணைக்கு வருபவர் எப்போதும் ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் காலைக் கெடுக்கும். மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு நேராக்குவது பெரும்பாடு. துவாயை உருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டுப் பத்து நிமிஷம். இதை நாளுக்கு நாலைந்து தடவை செய்யுங்கள். மடக்குவதற்குக் குதிகாலைக் கட்டிலில் இழுத்து இழுத்துப் பழக வேண்டும். இரண்டு வாரத்தில் 90 பாகை வந்தால் நல்லது. ஆறு வாரமாகியும் அதைத் தொடவில்லை என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

குளிர் ஊர் என்பதால் ஐஸ் வைக்க எல்லோரும் பயப்படுகிறார்கள். வீக்கத்துக்கு ஐஸ்தான் மருந்து: துணியில் சுற்றி 15 நிமிஷம். சுடுதண்ணீர்ப் பையும், அடுப்பங்கரையில் கால் நீட்டி உட்காருவதும் வேண்டாம். வெட்டுக்கு வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், சுட்டுக்கொண்டாலும் தெரியாது. தையல் பிரிக்கும் வரை எண்ணெய், மருந்துப் பத்து எதுவும் காயத்தில் படக்கூடாது.

வேலை: மூன்று மாதமளவில் சரிவுப் பாதையில் நடக்கலாம், ஏறலாம். கொழுந்துச் சுமையோடு செங்குத்தான மலையில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இறக்கத்தில்தான் முழங்கால் மேல் பாரம் அதிகம். அதைவிடப் பயம், வழுக்கி விழுந்து உலோகத்துக்கு மேலே தொடையெலும்பு முறிவது. நாற்றுமேடை, மடுவம் போன்ற சமதரை வேலைக்கு மாற்றும்படி வைத்தியரிடம் கடிதம் வாங்கித் துரையிடம் கொடுங்கள்.

மூட்டு மாற்றிய பிறகு வயிற்றில் தினம் ஒரு ஊசி போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அஸ்பிரின் மட்டும்தான். ஊசியை நிறுத்தலாமா? – வாசகர், கொட்டகலை

நிறுத்தாதீர்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்கத்தான் அந்த எனொக்சபாரின் ஊசி. அவுஸ்திரேலியாவில் 9,711 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது (2022), 90 நாளுக்குள் இரத்தக்கட்டி வந்தவர்கள் ஊசியில் 1.82 வீதம், அஸ்பிரினில் 3.45 வீதம். அதேவேளை, முதல் ஐந்து நாள் ரிவரொக்சபன் என்ற குளிசை, பிறகு அஸ்பிரின் என்று மாறுவது பாதுகாப்பானதே என்று 2018ஆம் ஆண்டின் கனேடிய ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதைக் கணக்கில் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது அவருடைய வைத்தியருக்குத்தான் தெரியும். ஒரு பக்க ஆடுசதை வீங்கி நொந்தால் அன்றே காட்டுங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மாற்றி ஒன்றரை வருஷம். ஒரு வாரமாக முழங்கால் சூடாகி வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் உண்டு. பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தோம், கொஞ்சம் பரவாயில்லை. – வாசகர், வெலிமடை

இதைப் படித்ததும் கிளம்புங்கள். அடுத்த டோஸ் கொடுக்க வேண்டாம், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள்கூடத் தாமதிக்கவும் வேண்டாம். மருந்துச் சீட்டையும் பெட்டியையும் எடுத்துப் போங்கள். கிருமி உலோகத்தின் மேல் படலம் கட்டிக்கொண்டால் குளிசை உள்ளே எட்டாது. அரைகுறை மருந்து செய்வதெல்லாம் காய்ச்சலை மறைப்பதும், ஊசியால் எடுக்கும் மூட்டு நீரில் கிருமி வளராமல் செய்வதும்தான். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்று தெரியாது. ஆரம்ப நாட்களிலேயே திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. வாரங்கள் போனால் முழு மூட்டையும் கழற்ற வேண்டிவரும்.

ஒரு நல்ல செய்தி: இந்தத் தொற்றுக்கு ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றவே வேண்டும் என்ற பழைய விதி மாறிவருகிறது. 1,054 பேர் பங்குபற்றிய பிரித்தானிய ஆய்வில் (2019), முதல் வாரத்துக்குப் பிறகு வாயால் எடுக்கும் மருந்துக்கு மாறியவர்களும் அதே அளவு குணமானார்கள். தோல்வி 13.2 வீதம், நரம்பில் ஏற்றியவர்களுக்கு 14.6 வீதம். வாய் மருந்தில் வீட்டுக்கு அனுப்பினால் ‘தட்டிக் கழிக்கிறார்கள்’ என்று நினைக்க வேண்டாம்.

கோயிலில் முழந்தாளிடலாமா? – வாசகி, இராகலை

இடலாம், மூட்டுக்குக் கெடுதல் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு, முதலில் கட்டில் மெத்தையில் பழகுங்கள். பிறகு தரையில் மடித்த கம்பளி போட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முன்னே ஊன்றி மாற்றிய முழங்காலை இறக்குங்கள். எழும்பும்போதும் நல்ல கால்தான் முன்னே. தோல் மரத்திருப்பதால் கூழாங்கல் குத்தினாலும் உணராது, தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தீமிதிப்பு மட்டும் வேண்டாம்.