பேரிடர் நிதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2018 கஜா புயலில் தெருவை அடைத்த மரங்களை அறுக்க எங்கள் ஊரில் ஒரு மெஷின்கூட இல்லை. மர அறுவை இயந்திரம், ஜெனரேட்டர் கேட்டு மனு கொடுத்தால், ‘பேரிடர் நிதி நிவாரணத்துக்கு மட்டும்தான்’ என்கிறார்களே?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், வேதாரண்யம் வட்டம்

பதில்: பாதிதான் சரி. 15-ஆவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு மாநிலப் பேரிடர்ப் பணத்தை இப்படிப் பிரித்தது: உடனடி நிவாரணத்துக்கு 40 சதவீதம், மறுசீரமைப்புக்கு 30, முன்தயாரிப்புக்கு 10, மீதி 20 தணிப்பு நிதிக்கு, அதாவது பேரிடர் பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கு. நீங்கள் கேட்பது அந்தப் பத்தில் வருவது. மனுவில் ‘நிவாரணம்’ என்ற சொல்லே வேண்டாம். ‘முன்தயாரிப்புக் கருவிகள்’ என்று எழுதுங்கள்.

ஊராட்சியின் கணக்குக்கு நேராகப் பணம் வராது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். மனு அவருக்குப் போக வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் ஊரின் தேவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, மே 1 கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும்.

வெறும் பட்டியல் எடுபடாது. எங்கே வைப்பது, யார் இயக்குவது, டீசல் செலவு யாருடையது என்பதும் தீர்மானத்தில் இருக்கட்டும். அறுவை இயந்திரத்தோடு உதிரிச் சங்கிலி, சங்கிலி எண்ணெய், அரம், தலைக்கவசம் கேளுங்கள். மழுங்கிய சங்கிலியை வைத்துத் தென்னையை அறுக்க முடியாது. ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுங்கள். சும்மா கிடந்தால் பேட்டரி இறங்கி, தேவைப்படும் நாளில் கிளம்பாது. கருவி வாங்கிக் கொடுப்பதைவிட அதைப் பராமரிக்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம்.

கடலோரச் சுவர், பெரிய கரை போன்றவற்றைத் தணிப்பு நிதியில் கேட்காதீர்கள். அவை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்ய வேண்டியவை என்று நிதிக்குழுவே சொல்லிவிட்டது.

கேள்வி: வெள்ளத்தில் கறவை மாடு இறந்தால் எவ்வளவு கிடைக்கும்?
– வாசகி, சீர்காழி

பதில்: 2022–26 விதிமுறைப்படி பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மூன்று அல்லது சிறியது 30 என்பது உச்சவரம்பு. மாட்டின் சந்தை விலையோடு ஒப்பிடாதீர்கள். இது இழப்பீடு அல்ல, நிவாரணம்.

நாற்றம் தாங்காமல் உடனே புதைத்துவிடுவதுதான் பலருக்கும் வினையாகிறது. வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லி, அவர்கள் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு புதையுங்கள். அதற்குள் காதில் மாட்டிய அடையாளத் தோட்டின் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, முழு உடலோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். யாரும் வந்து சேரவில்லை என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவருக்கு உண்டா?
– வாசகர், வேலூர்

பதில்: உண்டு. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வெப்பத்தால்தான் மரணம் என்று மருத்துவச் சான்று வேண்டும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கிவிட்டால், பிறகு நிரூபிப்பது கடினம்.