பள்ளியில் சமயப் பாடம்: திட்டமிடுவது எப்படி?

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சமயப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஆண்டுத் திட்டத்தை முதல் பாடத்திலிருந்து தொடங்கலாமா?

பதில்: நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள். பாஸ்கா (ஈஸ்டர்) ஆண்டுதோறும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகரும். அதற்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலமும் கூடவே நகரும். ஒப்புரவு (பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கு) பற்றிய பாடம் தவக்காலத்தில் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எதைக் கற்பிப்பது என்பது நம் விருப்பம் அல்ல. திருச்சபைச் சட்டம் 804இன்படி அது ஆயரின் (பிஷப்பின்) மேற்பார்வையில் உள்ளது. வரிசையை மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வகுப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கர் அல்லர். என்ன செய்வது?

பதில்: பங்கு ஆலயத்தில் தரும் மறைக்கல்வி (ஞான உபதேசம்) வேறு, பள்ளிப் பாடம் வேறு. கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் பேராயம் 1988இல் வெளியிட்ட ஆவணமே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. மறைக்கல்வி நம்பிக்கையை ஏற்பவரை நோக்கிப் பேசும். பள்ளியின் இலக்கு அறிவு. அதனால் 'நாம் நம்புகிறோம்' என்று எழுதும் இடத்தில் 'கத்தோலிக்கர் நம்புகிறார்கள்' என்று எழுதிப் பாருங்கள். யாரும் வெளியே நிற்க வேண்டியிராது.

கேள்வி: ஒரு வகுப்பைத் திட்டமிட்டுக் காட்ட முடியுமா?

பதில்: சரி, லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரம், இயேசு சொன்ன காணாமற்போன மகன் உவமை: சொத்தில் தன் பங்கை வாங்கிச் சென்று அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனின் கதை. முதலில் பிள்ளைகள் எந்தக் கேள்வியோடு வெளியே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதுவேன்: 'மூத்தவன் கோபப்பட்டது நியாயமா?' செயல்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான். உவமையை 28ஆம் வசனம் வரை வாசித்து நிறுத்துவேன். தம்பிக்கு விருந்து நடக்கிறது, மூத்தவன் உள்ளே வர மறுக்கிறான், தந்தை வெளியே வந்து கெஞ்சுகிறார். 'நீங்கள் மூத்தவனாக இருந்தால்?' என்று இருவர் இருவராகப் பேச விடுவேன். தம்பி தங்கை உள்ளவர்கள்தான் அதிகம் கொதிப்பார்கள். அதன்பின் மீதியை வாசித்தால், அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. கடைசிப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. திருச்சபை இதை ஒப்புரவோடு எப்படி இணைக்கிறது என்பது அடுத்த வகுப்புக்கு. இரண்டையும் ஒரே நாளில் திணித்து நானே கெடுத்திருக்கிறேன்.

கேள்வி: மதிப்பெண் எதற்குப் போடுவது?

பதில்: அறிவுக்கும் வாதத்துக்கும். பக்திக்கு ஒருபோதும் இல்லை.

கேள்வி: 'கடவுள் நல்லவர் என்றால் துன்பம் ஏன்?' என்று கேட்டால் திட்டமே கவிழ்கிறதே?

பதில்: கவிழட்டும். நேர்மையாளன் ஒருவன் படும் துன்பத்தைச் சொல்லும் விவிலியத்தின் யோபு நூலில், கடவுள் யோபுவுக்குப் பதில் பேசத் தொடங்குவதே 38ஆம் அதிகாரத்தில்தான். பேசியும் காரணம் சொல்வதில்லை. கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி, அடுத்த வாரத் திட்டத்தில் அதற்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். ஒதுக்காமல் அழித்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி கேட்காது.