வேண்டாம் என்றவர்களே அமைத்த ரயில்பாதை: வாசகர் கேள்வி – பதில்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் வட இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட செட்டில்–கார்லைல் ரயில்பாதையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். யார்க்‌ஷயரில் உள்ள செட்டில் என்னும் சிற்றூருக்கு அருகில் தொடங்கி, பென்னைன் மலைகளைக் கடந்து, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய கார்லைல் நகரில் முடியும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 72 மைல். குறிப்பு சிறியதாக இருந்ததாலோ என்னவோ, கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து விடை தருகிறேன்.

கேள்வி: லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றுமாக ஏற்கெனவே இரண்டு பாதைகள் இருந்தன. அப்படியிருக்க, ஆள் நடமாட்டம் குறைந்த மலைமேல் மூன்றாவதாக ஒரு பாதை எதற்கு?

பதில்: இரண்டு கம்பெனிகளுக்கு இடையே இருந்த பகைதான் காரணம். அக்காலத்தில் இங்கிலாந்தின் ரயில்பாதைகள் அனைத்தும் தனியார் கம்பெனிகளின் உடைமையாக இருந்தன. டார்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்ட் ரயில்வே, ஸ்காட்லாந்து செல்லும் பயணிகளையும் சரக்கையும் தானும் ஏற்றிச் செல்ல விரும்பியது. ஆனால் அதன் தடம் இங்கிள்டன் என்னும் ஊரோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே இருந்த பாதை, போட்டியாளரான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் பிடியில் இருந்தது.

இங்கிள்டனில் நடந்ததை அறிந்தால், மிட்லண்ட் ரயில்வேயின் கோபம் நமக்குப் புரியும். ஒரே ஊரில் இரு கம்பெனிகளுக்கும் தனித்தனி நிலையங்கள் இருந்தன. இடையே பாலமும் தண்டவாளமும் இருந்தும், தொடக்கத்தில் பயணிகள் தம் மூட்டை முடிச்சுகளோடு மேடும் பள்ளமுமான வழியில் ஒரு மைல் தூரம் நடந்து போய்த்தான் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, மிட்லண்ட் பெட்டிகளைத் தம் வண்டிகளில் இணைத்துக்கொள்ள எதிர்த்தரப்பு இசைந்தது. ஆனால் வேண்டுமென்றே அவற்றை விரைவு வண்டிகளில் சேர்க்காமல், ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டிகளின் பின்னால் மாட்டிவிட்டது. கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் முள்ளைப் பரப்பியதைப் போன்ற உடன்பாடு அது. பொறுத்துப் பார்த்த மிட்லண்ட் ரயில்வே, சொந்தமாகவே ஒரு பாதை அமைத்துக்கொள்ள 1866-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் சட்ட அனுமதியைப் பெற்றது.

கேள்வி: அனுமதி பெற்ற கம்பெனியே பிறகு ‘எங்களுக்கு இந்தப் பாதை வேண்டாம்’ என்று நாடாளுமன்றத்திடம் மன்றாடியதாக எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லையே?

பதில்: நம்பத்தான் வேண்டும். அனுமதி கிடைத்த அதே ஆண்டில் லண்டன் பணச்சந்தையில் பெரும் நெருக்கடி ஏற்பட்டது. கடன் வாங்குவது கடினமாயிற்று. மறுபுறம், மிட்லண்ட் உண்மையிலேயே மலையைக் குடையப் போகிறது என்று கண்டதும், போட்டிக் கம்பெனி இறங்கி வந்து தன் தடத்தில் மிட்லண்ட் வண்டிகள் ஓட இடம் தர முன்வந்தது. கேட்டது கையில் கிடைத்த பிறகு கோடரி எதற்கு? எனவே, திட்டத்தைக் கைவிட அனுமதி கோரி மிட்லண்ட் ரயில்வே மனு செய்தது.

இங்கேதான் வேறு சில கம்பெனிகள் குறுக்கிட்டன. கார்லைலுக்கு வடக்கே எடின்பரோ நோக்கிச் செல்லும் பாதையை வைத்திருந்த நார்த் பிரிட்டிஷ் ரயில்வேயும், லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வேயும் இந்தப் புதிய பாதையால் பயன் பெறவிருந்தன. அதற்காகத் தம் பையிலிருந்து பெரிதாக ஒன்றும் செலவழிக்க வேண்டியதில்லை என்பதால், அவை கைவிடலைக் கடுமையாக எதிர்த்தன. 1869-இல் நாடாளுமன்றம் மனுவைத் தள்ளியது. ‘கட்டுவேன்’ என்று வாக்களித்தவர் கட்டியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் வேலை தொடங்கிற்று. 1875 ஆகஸ்டில் சரக்கு வண்டிகளும், 1876 மே முதல் நாள் பயணி வண்டிகளும் ஓடத் தொடங்கின. 22 லட்சம் பவுண்டு என்று போட்ட மதிப்பீடு, முடிவில் ஏறத்தாழ 36 லட்சம் பவுண்டாக வளர்ந்திருந்தது. மனமில்லாமல் கட்டியவர்கள் அரைகுறையாகக் கட்டியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், அதுதான் இல்லை. விரைவு வண்டிகளுக்கு ஏற்ற பாதையாக இருக்க வேண்டும் என்பதற்காக, நூறடிக்கு ஓரடி என்ற அளவைவிடச் செங்குத்தான ஏற்றம் எங்கும் பெரும்பாலும் வரக்கூடாது, கூர்மையான வளைவும் கூடாது என்று தலைமைப் பொறியாளர் ஜான் கிராஸ்லி வகுத்துக்கொண்டார். மலை வளைய மறுத்த இடங்களில் எல்லாம் சுரங்கங்கள் குடையப்பட்டன; பள்ளத்தாக்குகளின்மீது கற்பாலங்கள் எழுந்தன. 14 சுரங்கங்களும் இருபதுக்கு மேற்பட்ட பெரும்பாலங்களும் அந்தப் பிடிவாதத்தின் விளைவுகள்.

கேள்வி: ரிப்பிள்ஹெட் பாலத்தின் தூண்கள் ஆட்டு ரோம மூட்டைகளின்மேல் நிற்கின்றன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. 24 வளைவுகளும் 104 அடி உயரமும் ஏறத்தாழ 440 கெஜ நீளமும் கொண்ட அந்தப் பாலம் நிற்கும் இடம் ஒரு சதுப்பு நிலம். மேலே மட்கிய தாவரங்களால் ஆன கரிய மண், அதன்கீழ் களிமண். அவற்றைத் தோண்டி, சில இடங்களில் 25 அடி ஆழம் வரை இறங்கி, பாறையைத் தொட்ட பிறகே அடித்தளம் இடப்பட்டது. கம்பளித் தொழிலில் செழித்த யார்க்‌ஷயர் நகரங்களின் பணத்தால் எழுந்த பாலம் என்ற பொருளில் யாரோ சொன்னது, காலப்போக்கில் ரோம மூட்டையாகத் திரிந்திருக்கலாம் என்று விளக்குவோரும் உண்டு.

ரோமத்தைவிட வியப்பான ஒன்று அந்தப் பாலத்தில் கண்ணெதிரே இருக்கிறது. ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமனானது. வளைவுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஆகவே, ஒரு தூண் சரிந்தால் சீட்டுக்கட்டைப் போல வரிசை முழுவதும் சரியும் ஆபத்து உண்டு. அப்படி நேர்ந்தாலும் ஆறு வளைவுகளோடு சேதம் நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

சதுப்பு நிலம் எல்லா இடங்களிலும் இப்படி வழிக்கு வரவில்லை. கார்ஸ்டேல் அருகே டாண்ட்ரி மயர் என்னும் இடத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்ப முயன்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொட்டிய மண்ணையெல்லாம் அந்தச் சேறு விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு, அங்கும் 12 வளைவுகளில் ஒரு பாலத்தைக் கட்டினார்கள்.

கேள்வி: கட்டுமானத்தின்போது எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள்? அவர்களுடைய நினைவாக ஏதேனும் இருக்கிறதா?

பதில்: மிகுதியானவர்கள் கேட்ட கேள்வி இது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து ஆகியவையே அவர்களின் முதன்மையான கருவிகள். ரிப்பிள்ஹெட்டைச் சுற்றிய வெற்றுச் சமவெளியில் அவர்களும் அவர்களின் மனைவி மக்களும் மரக்குடிசைகளில் குடியிருந்தார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களே ஒரு தனிக் கதை. கிரிமியப் போர் முடிந்து அதிக காலம் ஆகாததால் செபாஸ்டபோல், இங்கர்மன் என்று போர்க்களங்களின் பெயர்கள். விவிலியத்திலிருந்து ஜெரிக்கோ, ஜெருசலேம். லண்டன் செல்வந்தர்களின் பேட்டையான பெல்கிரேவியாவின் பெயர்கூட, கேலியாகவோ ஆசையாகவோ, ஒரு குடிசைத் தொகுதிக்குச் சூட்டப்பட்டிருந்தது.

அங்கே சாவு இரண்டு வழிகளில் வந்தது. 2,629 கெஜ நீளமுள்ள பிளீ மூர் சுரங்கத்திலும் பாலங்களிலும் நேர்ந்த வெடி விபத்துகள், பாறைச் சரிவுகள், உயரத்திலிருந்து விழுதல் ஆகியவை ஒருபுறம். 1871-இல் குடிசைகளுக்குள் புகுந்த பெரியம்மை மறுபுறம். அருகிலுள்ள சேப்பல்–லெ–டேல் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் இந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 200 பேர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். இடம் போதாமல் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்க நேர்ந்தது.

அந்தத் தேவாலயத்தின் உள்ளே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. செட்டில் முதல் டென்ட் ஹெட் வரையிலான வேலைகளில் விபத்துகளால் உயிரிழந்தவர்களின் நினைவாக, சக தொழிலாளர்களும் மிட்லண்ட் ரயில்வேயும் கூட்டுச் செலவில் வைத்தது என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ‘விபத்துகளால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அம்மை கண்டு குடிசையில் இறந்த குழந்தை அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. பெயர்களும் அந்தப் பலகையில் இல்லை. தம் சொற்பக் கூலியிலிருந்து பணம் போட்ட சக தொழிலாளர்கள் கம்பெனிக்கு முன்னால் குறிக்கப்பட்டிருப்பது ஒன்றே எனக்குச் சற்று ஆறுதலாகப் படுகிறது.

கேள்வி: காற்று ஓர் எஞ்சினையே சுழற்றியது என்பது கட்டுக்கதைதானே?

பதில்: 1900-ஆம் ஆண்டில், கார்ஸ்டேல் நிலையத்தில் எஞ்சினைத் திசை திருப்பும் சுழல்மேடைமீது நின்ற எஞ்சினைப் புயற்காற்று பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சுற்றியதாகவும், மேடையின் குழிக்குள் மணலைக் கொட்டியே அதை நிறுத்தியதாகவும் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் சுற்றியது என்பது, சொல்பவரைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் அதற்குப் பின் அந்தச் சுழல்மேடையைச் சுற்றிப் பழைய தண்டவாளக் கட்டைகளை நிறுத்திக் காற்றுக்கு மதில் எழுப்பியிருந்தது உண்மை. கட்டுக்கதைக்காக யாரும் வேலி கட்டுவதில்லை.

கேள்வி: டென்ட் நிலையம் டென்ட் கிராமத்திலிருந்து நான்கு மைல் தள்ளி இருப்பது ஏன்?

பதில்: தண்டவாளம் அங்கே இருப்பதால் என்பதே உள்ளூர்க்காரர்கள் சொல்லும் வேடிக்கையான விடை. உண்மையும் அதுதான். இந்தப் பாதை வழியிலுள்ள கிராமங்களுக்காக வகுக்கப்பட்டதன்று; ஸ்காட்லாந்துக்கு விரைந்து செல்வதற்காக வகுக்கப்பட்டது. மலைச்சரிவின் உயரத்திலேயே தடம் செல்ல, கிராமம் பள்ளத்தாக்கில் சுமார் 600 அடி கீழே கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,150 அடி உயரத்தில் இருப்பதால், இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளில் மிக உயரமான நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு.

கேள்வி: இந்தப் பாதையில் நடந்த பெரும் விபத்துகள் எவை?

பதில்: இரண்டைச் சொல்ல வேண்டும். மலை ஏறும் ரயில்களுக்குக் கூடுதலாக ஓர் எஞ்சினை இணைத்து, உச்சியில் கழற்றித் திருப்பி அனுப்புவது அங்கு வழக்கம். 1910 டிசம்பர் 24 அன்று விடியுமுன், ஹாஸ் ஜங்ஷன் எனப்பட்ட இன்றைய கார்ஸ்டேலில், அப்படித் திரும்ப வேண்டிய இரண்டு எஞ்சின்களைத் தடத்தில் நிறுத்தியிருந்த சிக்னல்காரர், வேலை நெருக்கடியில் அவற்றை மறந்துவிட்டு, கிளாஸ்கோ செல்லும் விரைவு ரயிலுக்கு வழிவிட்டார். 12 பேர் இறந்தார்கள். 1913 செப்டம்பரில், சில மைல் வடக்கே அய்ஸ் கில் அருகில், மட்டமான நிலக்கரியால் நீராவி குறைந்து நின்றுபோன ரயிலின்மீது பின்னால் வந்த ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். இரண்டிலும் பெட்டிகளின் விளக்குகளுக்கான எரிவாயு தீப்பற்றி இழப்பைப் பெருக்கிற்று. ஒரு மனிதரின் நினைவாற்றலை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, தடத்தில் வண்டி நிற்பதை மின்சுற்றே சிக்னல் அறைக்குக் காட்ட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றதில் ஹாஸ் ஜங்ஷனுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: இந்தப் பாதையை மூடக்கூடாது என்று ஒரு நாயும் மனுக் கொடுத்ததாமே?

பதில்: கொடுத்தது; அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தார்கள். நட்டத்தில் ஓடிய ரயில்பாதைகளை மூடச் சொல்லி 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கையிலேயே இந்தப் பாதையின் பயணி வண்டிகளை நிறுத்தும் பரிந்துரை இருந்தது. 1970-இல் செட்டில், ஆப்பிள்பி தவிர இடைப்பட்ட நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டன. 1980-களில் ரிப்பிள்ஹெட் பாலத்துக்குள் மழைநீர் கசிந்து கல் சிதைவதாகவும், அதைச் செப்பனிடப் பல லட்சம் பவுண்டு ஆகும் என்றும் கூறி, பாதையையே மூட, அப்போது ரயில்களை நடத்திய அரசு நிறுவனமான ‘பிரிட்டிஷ் ரயில்’ அறிவிப்புக் கொடுத்தது.

சட்டப்படி, எதிர்ப்பாளர்கள் பாதையின் அழகையோ வரலாற்றையோ எடுத்துச் சொல்லிப் பயனில்லை. மூடுவதால் பயணிகளுக்கு நேரும் இன்னல் ஒன்றையே பயணிகள் ஆலோசனைக் குழு கேட்கும். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்றில் கையொப்பத்துக்குப் பதிலாக ரஸ்ஸப் என்ற நாயின் பாதச் சுவடு இருந்தது. அந்நாளில் நாய்க்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் செலுத்திய பயணி என்ற முறையில் அதன் ஆட்சேபம் செல்லுபடியாயிற்று.

பாதையை மூடும் பணிகளைக் கவனிக்க அமர்த்தப்பட்ட ரான் காட்டன் என்ற அதிகாரியோ, மூடும்வரை நன்றாகவே ஓடட்டும் என்று கட்டணச் சலுகைகளை அறிவித்தார். 1986-இல் எட்டு நிலையங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் ஆண்டுக்கு 93,000 ஆக இருந்த பயணங்கள் 1989-க்குள் நான்கரை லட்சத்தை எட்டின. 1989 ஏப்ரல் 11 அன்று அரசு மூட அனுமதி மறுத்தது. கட்டாமல் விட நாடாளுமன்றம் அனுமதி மறுத்து அப்போது சரியாக 120 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலத்தைச் செப்பனிட்டு முடித்தபோது, அஞ்சிய அளவுக்குச் செலவும் ஆகவில்லை.

ரஸ்ஸப்பின் கதை அங்கே முடியவில்லை. 1990 ஜனவரியில் வேல்ஸ் மலைகளில் நடைப்பயணம் சென்ற அதன் உரிமையாளர் இறந்துபோக, பதினொரு வாரங்களுக்குப் பிறகு உடல் கண்டெடுக்கப்படும் வரை அந்த நாய் அருகிலேயே காத்திருந்தது. கார்ஸ்டேல் நிலைய நடைமேடையில் 2009-இல் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

கேள்வி: இன்றும் ரயில் ஓடுகிறதா?

பதில்: லீட்ஸ் நகருக்கும் கார்லைலுக்கும் இடையே நாள்தோறும் பயணி வண்டிகள் ஓடுகின்றன, சரக்கு வண்டிகளும் உண்டு. 2016 பிப்ரவரியில் ஆர்மத்வெயிட் அருகே ஈடன் ஆற்றங்கரைச் சரிவு நழுவியதால் வடபகுதி மூடப்பட்டு, 2 கோடியே 30 லட்சம் பவுண்டு செலவில் சீரமைக்கப்பட்டு, 2017 மார்ச் 31 அன்று மீண்டும் திறந்தது. ரிப்பிள்ஹெட் பாலத்தின்மேல் மட்டும், சுமையைக் குறைப்பதற்காக 1985-இல் ஒற்றையாக்கிய தடம் இரட்டையாக்கப்படவில்லை. எதிர்த்திசை வண்டி பாலத்தைக் கடந்து வரும்வரை மற்றொரு வண்டி காத்து நிற்கும்.