தாத்தாவின் கதைக் கேசட்டுகளை யூடியூபில் ஏற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கணினித் துறையில் வேலை செய்கிறேன். ஃபோர்ட் பெர்த்தோல்ட் பழங்குடிப் பகுதியைச் சேர்ந்த நண்பரிடம், அவருடைய தாத்தா மாண்டன், ஹிடாட்சா மொழிகளில் கதை சொல்லும் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றி யூடியூபில் போட்டுத் தரலாமா?

பதில்: கணினிக்கு மாற்றும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். யூடியூப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.

மாண்டனைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசியவர்களில் கடைசியானவர் என்று அறியப்பட்ட எட்வின் பென்சன் 2016 டிசம்பரில் காலமானார். ஹிடாட்சா பேசுகிறவர்களோ பெரும்பாலும் முதியவர்கள். நாடா கெட்டுப்போனால் அந்தப் பேச்சை மறுபடி பேசித் தர ஆளில்லை.

கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் தடுப்புகளை முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே எதுவும் பதிவாகாது. பூஞ்சை தெரிந்தாலோ நாடா ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஓடவிடாமல், ஒலிப்பதிவுகளைச் சீரமைப்பவர்களிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், ஹெட் சுத்தம் செய்த பிளேயரில் ஓட்டி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கேட்பதற்கு மட்டும். மூலக் கோப்பில் இரைச்சலை நீக்கப் போகாதீர்கள். இம்மொழிகளில் தொண்டையில் காற்றைச் சட்டென்று அடைத்து எழுப்பும் ஒலி முக்கியமானது. மென்பொருள் அதையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். பிரதிகள் மூன்று, அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

அடுத்து, எந்த இடத்தில் எந்த மொழி என்று நிமிடக் கணக்கோடு குறியுங்கள். 1837இல் மிசௌரி ஆற்றில் வந்த நீராவிப் படகோடு பெரியம்மை பரவியது. மாண்டன் மக்களில் நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். 1845இல் ஹிடாட்சா மக்களோடு சேர்ந்து ஒரே ஊராகக் குடியேறினார்கள். அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு மொழிகளும் புழங்கின. தாத்தா கதை நடுவே மொழி மாறியிருந்தால் அது இயல்பே. எதிரே உட்கார்ந்து கேட்டது யார் என்றும் விசாரித்து எழுதுங்கள். நம் வாடா, வாடி போல, மாண்டன் வினைமுடிவு கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும். ஊர்ப்பெயர், ஓடைப்பெயர் ஒன்றையும் விடாதீர்கள். 1950களில் கேரிசன் அணைக்காக எல்போவுட்ஸ் ஊரும் ஆற்றோர நிலங்களும் மூழ்கடிக்கப்பட்டன. கரையில் நின்று காட்ட இடமில்லாததால், பழைய வரைபடத்தில் முதியவர்கள் கைவைத்துக் காட்டினால்தான் உண்டு.

இனி, வெளியிடும் உரிமை. கேசட் பேரனுடையது என்பதற்காகக் கதையும் அவருடையதாகிவிடாது. புனிதக் கதைகள் பல, குலங்களும் தனிநபர்களும் பாதுகாக்கும் புனித மூட்டைகளோடு, அதாவது புனிதப் பொருட்களைப் பொதிந்து வைத்த கட்டுகளோடு, சேர்ந்தவை. அவற்றைச் சொல்லும் உரிமையை மரபுவழியாகவோ விலை கொடுத்தோ பெற வேண்டும். சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். ஹிடாட்சா குலம் ஒன்றின் புனித மூட்டை 1907இல் விற்கப்பட்டு நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைத் திரும்பப் பெற 1938 வரை ஆயிற்று. இணையத்தில் பரவிய குரலை அப்படியும் மீட்க முடியாது. எல்லாமே மறைபொருள் என்று நினைக்கவும் வேண்டாம். எருதுப்பறவைப் பெண் என்ற ஹிடாட்சா மூதாட்டி சோளம், பீன்ஸ், சூரியகாந்தி பயிரிடும் முறையை விரிவாகச் சொல்ல, அது 1917இல் நூலாக அச்சேறியது.

ஆகவே குடும்பத்தார் முதலில் கேட்டு, வீட்டோடு நிற்பவை, பழங்குடியினருக்குள் பகிரத்தக்கவை, எல்லோருக்குமானவை என்று பிரிக்கட்டும். நியூ டவுனில் உள்ள நுயெட்டா ஹிடாட்சா சாஹ்னிஷ் கல்லூரியையும் பழங்குடி நிர்வாகத்தின் மொழித் திட்டத்தையும் நண்பரே அணுகட்டும். பதிவின் உரிமை யாரிடம், நீக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இலவச எழுத்தாக்கத் தளம் எதிலும் கோப்பை ஏற்றாதீர்கள். மொழி தெரிந்த மூத்தவர் ஒருவர் வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, நிதானமாகத் திரும்பச் சொல்லிப் பொருளும் விளக்குவதை இன்னொரு பதிவாக எடுங்கள். அந்த நேரத்துக்கு அவருக்குப் பணம் கொடுங்கள். குளிர்காலத்துக்கு மட்டுமான கதை என்று அவர் சொன்னால், குளிர்காலம் வரும்வரை காத்திருந்து அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.