மாற்றிய பாகங்களைச் சொல்லி விற்பது பற்றி

வணக்கம். உங்கள் சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 கைக்கடிகாரத்தை விற்கும்போது, அதன் கண்ணாடியையும் பெசல் இன்செர்ட்டையும் (கண்ணாடியைச் சுற்றியுள்ள எண்கள் பொறித்த வளையம்) மாற்றியதைச் சொன்னால் விலை குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையும். ஆனாலும் விற்பனை விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். கழற்றிய அசல் பாகங்கள் இருந்தால் கூடவே கொடுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தண்ணீர்தான். கண்ணாடி மாற்றியபின் தண்ணீர் புகுமா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை செய்யவில்லை என்கிறீர்கள். டயலில் உள்ள 200 மீட்டரை நம்பி ஒருவர் கடலில் இறங்கிவிடக்கூடாது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டை மாற்றிச் சோதித்துவிடுங்கள். முடியாவிட்டால் 'சோதிக்கவில்லை, நனைக்க வேண்டாம்' என்றே எழுதுங்கள்.

நாளுக்கு 25 விநாடி வேகமாக ஓடுவது பெரிய குறையில்லை. இதன் உள்ளே இருக்கும் 7எஸ்26 இயந்திரத்துக்கு நாளுக்கு +40 முதல் -20 விநாடி வரை நிறுவனமே அனுமதிக்கிறது. அந்த 25 விநாடியை விளம்பரத்தில் சொன்னால் போதும். அப்புறம், படங்களைச் சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள். கீறல்கள் அப்போதுதான் தெரியும்.