வீட்டுக்குள் வளரும் தக்காளியில் பூ உதிர்வது பற்றி

வணக்கம். சன்னலோரத் தொட்டியில் செடி செழித்து வளர்ந்தும், பூக்கள் ஒன்றுகூடக் காயாகாமல் காம்போடு மஞ்சளித்து உதிர்வதாக எழுதியிருந்தீர்கள். நோய் என்று அஞ்சி மருந்து தெளிக்க வேண்டாம்; மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்பதே என் கணிப்பு.

தக்காளிப் பூ ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஆனால் மகரந்தப் பைகள் பெண் உறுப்பின் தண்டுப் பகுதியான சூல்தண்டைச் சுற்றிக் குழல்போல் ஒட்டியிருப்பதால், வெளியில் காற்றும் தேனீயும் தரும் அதிர்வு இல்லாமல் மகரந்தம் எளிதில் கொட்டாது. ஆகவே, இதழ்கள் பின்னோக்கி நன்றாக மடிந்த பூக்களின் கொத்துக்காம்பை, ஈரப்பதம் குறைந்திருக்கும் நண்பகல் வேளையில், ஒருநாள் விட்டு ஒருநாள் விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பேட்டரியில் இயங்கும் பல் துலக்கும் பிரஷின் பின்புறத்தைக் காம்பில் சில விநாடிகள் வைத்தால் இன்னும் நல்லது. சேர்க்கை நடந்துவிட்டால் இதழ்கள் வாடினாலும் காம்பு பச்சையாகவே நிற்கும்.

அப்படியும் உதிர்ந்தால் வெப்பநிலையைக் கவனியுங்கள்: இரவில் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலும், பகலில் 32 டிகிரியைத் தாண்டினாலும் காய்ப்பிடிப்பு குறையும். வாரந்தோறும் யூரியா இடுவதாகச் சொல்கிறீர்களே, அதை உடனே நிறுத்துங்கள். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி இலை விடுவதிலேயே இருக்கும். சன்னல் வெளிச்சம் பெரும்பாலும் போதாது என்பதால், எல்இடி வளர்ப்பு விளக்கை நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு, இரவில் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.