வாழையின் வாடல் நோய்க்கு ஆராய்ச்சியில் தீர்வு கிடைத்துவிட்டதா?

தக்கலைப் பக்கம் ரசகதலி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது. பாதி கிடைத்திருக்கிறது என்பேன்.

பனாமா வாடல் என்று அழைக்கப்படும் இந்த நோய்க்குக் காரணம் மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். நோய் பிடித்த தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும். பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும் என்பதால் மருந்து ஊற்றிப் பெரிய பலன் இல்லை. நாம் உண்ணும் வாழையில் விதையும் கிடையாது, அதனால் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்கும் வழக்கமான முறையும் கடினம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழுவினர் ஒரு காட்டு வாழையிலிருந்து ஆர்ஜிஏ2 என்ற எதிர்ப்பு மரபணுவை எடுத்து, உலகச் சந்தையில் அதிகம் விற்கும் கேவண்டிஷ் என்ற ரகத்தில் சேர்த்தார்கள். நோய் பரவிய நிலத்திலேயே அது தாக்குப்பிடித்தது. 2024-இல் அந்நாடு அந்த ரகத்துக்கு அனுமதியும் கொடுத்தது. என்னை அதிகம் கவர்ந்தது வேறு: அதே மரபணு கேவண்டிஷிலும் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் போதிய அளவு வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், மரபணுத் திருத்தத்தால் அதைத் தட்டியெழுப்பும் முயற்சியும் நடக்கிறது.

சரி, நம் ரசகதலிக்கு? ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்றது கேவண்டிஷ் மட்டும்தான். ரசகதலிக்கோ மட்டி, ஏத்தன் போன்ற மற்ற ரகங்களுக்கோ அதை அப்படியே பொருத்த முடியாது; ஒவ்வொரு ரகத்திலும் தனியாக உழைக்க வேண்டும். இப்போதைக்கு நோயில்லாத தோட்டத்துக் கன்றையோ திசு வளர்ப்புக் கன்றையோ நடுங்கள். வாடிய வாழை நின்ற குழியில் மறுபடி வாழை வேண்டாம். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.